சின்னக் கடைக்குச் சொந்த வெப்சைட் தேவையா? கம்பம், கூடலூர், குமுளி பக்கம் தொழில் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

“அண்ணே, எல்லாரும் வெப்சைட் வச்சிருக்காங்க, நாமளும் ஒண்ணு போட்டுருவோமா?”

கம்பத்திலும் கூடலூரிலும் மலை ஏறிக் கேரளத்தில் இருக்கும் குமுளியிலும் கடை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. வெப்சைட் செய்து கொடுப்பதும் என் பிழைப்பில் ஒரு பகுதிதான். ‘போடுங்க’ என்று சொன்னால் எனக்கு வருமானம். இருந்தாலும் கேட்கிறவர்களில் பலருக்கு ‘இப்போ வேண்டாம், அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு’ என்றுதான் சொல்கிறேன்.

வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: உங்களையும் உங்கள் சரக்கையும் நேரில் பார்க்காமலே பணம் அனுப்ப வேண்டியவர் உங்கள் வாடிக்கையாளரா? ஆம் என்றால் வெப்சைட் வேண்டும். முன்பின் தெரியாத ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் அனுப்புவதற்கு முன் எவரும் போனில் நாலு இடம் தேடிப் பார்ப்பார். அப்போது அவர் கண்ணில் படுவதற்கு உங்களுடையது என்று ஓர் இடம் வேண்டும். வாடிக்கையாளர் கடைப்படி ஏறி, பொருளைத் தொட்டுப் பார்த்து, காசு கொடுத்துவிட்டுப் போகிறவர் என்றால் கூகுள் மேப்பும் வாட்ஸ்அப்புமே போதும்.

இதை உங்கள் தொழிலுக்கு எப்படிப் பொருத்திப் பார்ப்பது, அதன் பிறகு என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. வருகிறவர், போன் செய்கிறவர் எல்லாரிடமும் ஒரே கேள்வி: “நம்ம கடை எப்படித் தெரியும்?” பதிலை ஒற்றை வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு, சொந்தக்காரர், டிரைவர் சொன்னார், மேப், இன்ஸ்டாகிராம், போன வருஷம் வந்தோம். கூடவே ஊர்.

சாதாரண வாரமாகப் பார்த்து எடுங்கள். தீபாவளி வாரத்திலும் ஐயப்பன் சீசனிலும் எடுக்கும் கணக்கு ஏமாற்றும்.

‘போன வருஷம் வந்தோம், வெளியூர்’ என்று நிறைய விழுந்தால் கவனியுங்கள். தேக்கடி பார்க்க வந்த ஈரோட்டுக் குடும்பம் ஏலக்காய் வாங்கிப் போகிறது. வீட்டில் தீர்ந்ததும் மறுபடி வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் குமுளியில் அந்தத் தெருவே ஸ்பைசஸ் கடை. எல்லாப் போர்டிலும் ‘ஸ்பைசஸ்’, ‘கார்டன்’, ‘ஆயுர்வேதிக்’. எந்தக் கடையில் வாங்கினோம் என்று அவர்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? பில்லும் தொலைந்திருக்கும். அந்த வியாபாரம் ஈரோட்டிலேயே வேறொரு மளிகைக்கடைக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு வர வேண்டிய காசு எங்கே ஒழுகுகிறது என்பதை அந்த நோட்டு காட்டிவிடும்.

படி 2: உங்கள் தொழில் எந்தப் பக்கம்?

பன்னீர் திராட்சைத் தோட்டக்காரருக்கு வெப்சைட் வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ‘இனிமே ஆன்லைன்ல பெட்டி பெட்டியா போகும்’ என்று சிலர் கிளம்பினார்கள். திராட்சை கனமான சரக்கு, நசுங்கும், ரெண்டு நாளில் வதங்கும். பழ விலைக்கு கூரியர் கட்டாது. வியாபாரி தோட்டத்துக்கே வந்து வெட்டி எடுத்துப் போகிறார், அவருக்கு உங்கள் போன் நம்பர் தெரியும். ஆனால் அதே தோட்டத்தில் டூரிஸ்டை உள்ளே விட்டு ஜூஸ், ஜாம் விற்கிறீர்கள் என்றால் கதை வேறு. போகிற காரை ரோட்டில் நிறுத்த வைக்க மேப்பில் சரியான இடமும் நல்ல படமும் வேண்டும். வெப்சைட் அதற்கும் தேவைப்படாது.

ஏலக்காய் நேர் எதிர். லேசான சரக்கு, விலை அதிகம், கெடாது. அரைக் கிலோ அனுப்பும் கூரியர் செலவு சரக்கின் விலையில் சின்னப் பங்குதான். மிளகு, கிராம்பு, பட்டை, தேன், வீட்டில் செய்யும் சாக்லேட் எல்லாம் கிட்டத்தட்ட இதே வகை. வாங்குகிறவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு பணம் அனுப்ப வேண்டும், எனவே வெப்சைட் வேண்டும்.

ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி, டூர் ஏற்பாடு செய்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், போட்டுவிடுங்கள். கணக்கைக் கீழே சொல்கிறேன். டெய்லர், ஒர்க்‌ஷாப், மருந்துக்கடை, ஹோட்டல், பேக்கரி: வேண்டாம். கல்யாண மண்டபம், கேட்டரிங், போட்டோகிராபர்: இவர்கள் செய்த வேலையைப் பார்த்துத்தான் ஆள் அட்வான்ஸ் கொடுப்பார், அதனால் ஒரே ஒரு பக்கமாவது இருந்தால் நல்லது. இன்ஸ்டாகிராம் மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு, ஓடுகிறது.

படி 3: கூகுள் மேப்பில் கடையைச் சரியாக வையுங்கள்

வெப்சைட் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு கட்சிக்கும் இது பொது. செலவு கிடையாது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றார்கள். ‘கூகுள்ல இருந்து பேசுறோம் சார், லிஸ்டிங்குக்குப் பணம் கட்டணும்’ என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். இந்த ப்ரொஃபைலுக்குக் கூகுள் காசு வாங்குவதில்லை.

முதலில் உங்கள் கடைப் பெயரை மேப்பில் தேடுங்கள். நீங்கள் போடாமலே வேறு யாரோ சேர்த்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்காமல் அதையே உங்களுடையது என்று உரிமை கோருங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மேப்பில் எந்தக் கடையின் போன் நம்பரையும் யார் வேண்டுமானாலும் ‘இது தப்பு’ என்று மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். ஹோட்டல், டூர் தொழிலில் நம்பரை மாற்றி அட்வான்ஸ் பணத்தைத் தங்கள் பக்கம் திருப்புகிற கூட்டம் இருக்கிறது. ப்ரொஃபைல் உங்கள் கையில் இருந்தால் மாற்றம் வந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சரி செய்யலாம்.

கடையைச் சரிபார்க்க இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவில் இருந்து ஆரம்பித்து, பக்கத்துக் கடை, உங்கள் போர்டு, ஷட்டரைத் திறப்பது, உள்ளே சரக்கு, பில் புக் என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். போர்டில் இருக்கும் பெயரும் ப்ரொஃபைலில் போட்ட பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து ஊர்ப்பெயர். வெளியூர் ஆள் ‘கூடலூர்’ என்று தேடினால் நீலகிரி கூடலூர்தான் முதலில் வருகிறது. கம்பம் என்ற பெயரில் ஆந்திராவிலும் ஓர் ஊர் இருக்கிறது, பெரிய ஏரிக்குப் பேர்போனது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆகவே முகவரி, அறிமுகம், வெப்சைட் என எங்கே எழுதினாலும் ‘கூடலூர், தேனி மாவட்டம், 625518’ என்று முழுதாக எழுதுங்கள். நீலகிரி கூடலூரின் பின்கோடு 643212. கம்பத்துக்கு 625516, குமுளிக்கு 685509. பார்சல் ஊட்டிப் பக்கம் சுற்றிவிட்டு வருகிற கதை இந்தப் பக்கம் புதிதல்ல.

மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் முள்ளை நீங்களே கையால் நகர்த்தி வாசலில் வையுங்கள். முகவரியைப் போட்டதும் கூகுள் தானாகக் காட்டும் இடம் மலைப்பாதை ஊர்களில் பல நேரம் வளைவுக்கு மேலேயோ கீழேயோ விழும். ஹோம்ஸ்டேக்காரர்கள் இதில் அசட்டையாக இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு ஒரு கார் ஏதோ எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் நின்று உங்களைக் கூப்பிடும்.

நல்ல வெளிச்சத்தில் எடுத்த பத்துப் படம் போடுங்கள். அதில் ஒன்று கார் எங்கே நிறுத்துவது என்று காட்டட்டும். விமர்சனத்துக்கு அவர் எழுதிய மொழியிலேயே பதில் போடுங்கள். மலையாளத்தில் எழுதியவருக்கு மலையாளத்தில் இரண்டு வரி போட்டால் அடுத்து படிக்கிற மலையாளிக்கும் ஒரு நம்பிக்கை வரும். காசு கொடுத்து விமர்சனம் வாங்காதீர்கள். ஒரே நாளில் ஐந்து ஸ்டார் விமர்சனம் இருபது விழுந்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

படி 4: வாட்ஸ்அப் பிசினஸ்

சாதா வாட்ஸ்அப்பை விட்டு பிசினஸ் ஆப்புக்கு மாறுங்கள், இலவசம்தான். கேட்டலாகில் பொருட்களைப் படத்தோடு ஏற்றலாம். ராத்திரி வரும் மெசேஜுக்குத் தானாகப் பதில் போக வைக்கலாம். ‘ஜிபே நம்பர் என்ன, கூரியர் எவ்வளவு, எத்தனை நாளாகும்’ என்று தினமும் டைப் செய்கிற பதிலை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் ஒரு தட்டில் போய்விடும்.

வீட்டு நம்பரையும் கடை நம்பரையும் பிரித்துவிடுங்கள். மகனுக்குப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த நம்பரையே கடைக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அவன் காலேஜுக்குக் கோயம்புத்தூர் போனதும் ஆர்டரும் கூடவே போய்விடும்.

படி 5: டொமைன் பெயரை மட்டும் இன்றைக்கே வாங்குங்கள்

வெப்சைட் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். டொமைன் என்பது இணையத்தில் உங்கள் முகவரி. டாட் இன் முகவரிக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், டாட் காம் கொஞ்சம் கூட. முதல் வருஷம் 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வரும். இரண்டாம் வருஷம் புதுப்பிக்க எவ்வளவு என்பதைப் பார்த்து வாங்குங்கள், அதுதான் நிஜ விலை.

எதற்கு இது? அடுத்தவர் இடத்தில் போட்ட பந்தலை அவர் பிரிக்கச் சொன்னால் பிரிக்க வேண்டியதுதான். 2020 ஜூனில் டிக்டாக் தடை வந்தபோது அதில் வியாபாரம் வளர்த்தவர்களின் ஃபாலோயர்கள் மொத்தமும் ஒரே ராத்திரியில் போனார்கள். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கூகுளே மேப் ப்ரொஃபைலோடு இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் கொடுத்து வந்தது. நம் பக்கத்தில் அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் அச்சடித்தவர்கள் இருந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அதை மூடியது. கார்டு கட்டுக் கட்டாக மேஜை டிராயரில் கிடந்தது.

சொந்த டொமைன் இருந்தால், அதைத் தட்டுகிறவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெப்சைட் இல்லாமலே, முகவரியைத் தட்டியதும் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படி ஃபார்வர்ட் செய்து வைக்கலாம். டொமைன் விற்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை இதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. நாளைக்கு நம்பர் மாறினால் ஃபார்வர்டை மாற்றினால் போதும்.

இதில் ஸ்பைசஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஏலக்காய் பாக்கெட்டில், டப்பாவில், துணிப்பையில் ஒரு க்யூஆர் அச்சடியுங்கள். அந்த க்யூஆர் உங்கள் டொமைனுக்குப் போகட்டும். நேராக வாட்ஸ்அப் நம்பருக்கு அச்சடித்தால் நம்பர் மாறிய அன்றே அத்தனை பாக்கெட்டும் வீண். இலவச க்யூஆர் என்று சொல்லும் சில தளங்கள் நடுவில் தங்கள் முகவரியை நுழைத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் பணம் கேட்கும். ஸ்கேன் செய்ததும் உங்கள் முகவரிதான் நேராகத் தெரிகிறதா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன் பாருங்கள். ஈரோட்டுக் குடும்பம் அடுப்படியில் காலி டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது உங்கள் கடை அங்கே இருக்கும்.

பெயர் தேர்வு. போனில் ஒரு தடவை சொன்னால் கேட்கிறவர் தப்பில்லாமல் எழுத வேண்டும். எங்கள் பக்கம், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பெயரில் இல்லாத கடை குறைவு, நன்றிக்கடன்தான். ஆனால் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் பத்துப் பேரை எழுதச் சொன்னால் ஆறு விதமாக எழுதுவார்கள். போர்டில் ஐயா பெயர் இருக்கட்டும், டொமைனுக்கு வேறு எளிமையானதைப் பிடியுங்கள். நடுவில் கோடு, எண் எல்லாம் வேண்டாம். சரக்குப் பெயரோடு ஊர்ப்பெயர் சேர்ந்தால் நல்லது. டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் கிடைக்கிறது. ஆசைக்கு வாங்கலாம், ஆனால் மலையாளி வாடிக்கையாளரால் அதை டைப் செய்ய முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், டொமைனை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போனுக்கு ஓடிபி வரும்படி வாங்குவது. ஜாம், ஊறுகாய் போடும் ஒரு அம்மாவுக்கு வெளியூர்க் கம்பெனி ஒன்று வெப்சைட் செய்து கொடுத்தது. டொமைன் கம்பெனி பெயரில். மூன்றாம் வருஷம் புதுப்பிக்க முன்பு வாங்கியதைப்போல நாலு மடங்கு கேட்டார்கள். அந்த அம்மா தர மறுத்தார். லேபிள் முழுக்க அச்சடித்த முகவரி போயே போய்விட்டது. சட்டப்படி போராடலாம்தான், ஜாம் கிண்டுவதா கோர்ட்டுக்கு அலைவதா?

படி 6: வெப்சைட் கட்டுபடியாகுமா? ஹோம்ஸ்டே கணக்கு

உதாரணத்துக்கு ஒரு ரூம் வாடகை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புக்கிங் ஆப் 18 சதவீதம் பிடிக்கிறது என்றால் ஒரு ராத்திரிக்கு 450 ரூபாய். மாசத்துக்குப் பத்து ராத்திரி ஆப் மூலம் வந்தால் 4,500, வருஷத்துக்கு 54,000. இதில் கால்வாசிப் பேர் மட்டும் நேராக உங்களிடம் புக் செய்தால்கூட 13,500 ரூபாய் மிச்சம். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைப்பதற்கான வாடகை) இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு நாலைந்தாயிரத்துக்குள் அடங்கும். உங்கள் வாடகையையும் உங்கள் ஆப் பிடிக்கும் சதவீதத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். அந்தச் செலவு போக மிச்சம் மூவாயிரம்கூட வரவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஆப்பை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். புதிய ஆள் அதில்தான் உங்களைக் கண்டுபிடிக்கிறார். ஆப்பில் பார்த்த பலர் அதே பெயரைக் கூகுளில் அடித்து ‘நேரா பேசினா என்ன ரேட்’ என்று தேடுவார்கள். அப்போது உங்கள் வெப்சைட் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. வெளியே குறைந்த ரேட் போடக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கலாம், படித்துப் பாருங்கள். இருந்தால் ரேட்டைத் தொடாமல் சலுகையைக் கூட்டுங்கள். குமுளி பஸ் ஸ்டாண்டில் இருந்து இலவசமாகக் கூட்டி வருவது, காலைப் பலகாரம் சேர்த்துக் கொடுப்பது.

கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் கொடுக்கிறது. வாங்கியிருந்தால் சான்றிதழ் படத்தை முதல் பக்கத்திலேயே போடுங்கள். முன்பணம் அனுப்பப்போகிற ஆளுக்கு, நீங்கள் எழுதும் நாலு பத்தியை விட அந்த ஒரு படம் தெம்பு கொடுக்கும்.

படி 7: என்ன எழுதுவது, எந்த மொழியில்?

ஸ்லைடர், பறக்கும் எழுத்து, ‘எங்கள் தொலைநோக்கு’ எதுவும் வேண்டாம். சின்னத் தொழிலுக்கு ஒரே பக்கம் போதும். மேலே கடைப்பெயர், என்ன தொழில், எந்த ஊர். அடுத்து தட்டினால் பேசும் போன் பட்டன், வாட்ஸ்அப் பட்டன். வாட்ஸ்அப் லிங்கில் நம்பருக்கு முன் 91 சேர்க்க வேண்டும், பிளஸ் குறி கூடாது. நிறைய தளங்களில் பட்டன் வேலை செய்யாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். பிறகு விலை, உங்கள் சொந்தப் படங்கள், மேப், உரிமம் நம்பர்கள், உரிமையாளர் முகம். ஆம், முகம். தூரத்தில் இருந்து பணம் அனுப்புகிறவருக்கு ஆள் யார் என்று தெரிய வேண்டும்.

இணையத்தில் எடுத்த தேயிலைத் தோட்டப் படத்தைப் போடாதீர்கள். மூணாறு, ஊட்டி, டார்ஜிலிங் எதுவானாலும் ஒரே படத்தை எல்லாரும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஏலக்காய் விலை ஒரு தனிச் சிக்கல். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் நடக்கும் இ-ஏலத்தில் விலை நாளுக்கு நாள் மாறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது, 2022-ல் சராசரி ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. ஒரு தடவை விலை போட்டுவிட்டு மறந்தால், ஏறும்போது பழைய விலைக்குக் கேட்டு ஆள் சண்டைக்கு வருவார். இறங்கும்போது ‘கொள்ளை’ என்று நினைத்துத் திரும்பிப் போவார். அதனால் விலைக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். வாரம் ஒரு முறை மாற்ற முடியாதவர் விலையே போடாமல் ‘இன்றைய விலைக்கு வாட்ஸ்அப்’ என்று போட்டுவிடலாம். சைஸ் கட்டாயம் வேண்டும்: எட்டு எம்எம் போல்டு, ஏழு முதல் எட்டு எம்எம் என்று பிரித்து, ஸ்கேலுக்குப் பக்கத்தில் காயை வைத்துப் படம் எடுங்கள். ‘முதல் தரம்’ என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள்.

மொழி விஷயத்தில் எல்லையில் இருப்பதால் வரும் வேலை கொஞ்சம் அதிகம். படி 1-ல் எழுதிய நோட்டில் ஊர்களைப் பாருங்கள். கோட்டயம், கொச்சி அதிகமா? மலையாளம் வேண்டும். பெங்களூரும் வடக்கும் என்றால் ஆங்கிலம். ஐயப்பன் சீசனில் தமிழ்நாட்டு ஆட்களோடு ஆந்திரா, தெலங்கானா வண்டிகளும் இந்த வழியில் ஏறுகின்றன; ரூம், சாப்பாடு, வேன் தொழில் என்றால் தெலுங்கில் நாலு வரி போட்டாலே பெரிய வித்தியாசம். எல்லா மொழியிலும் எல்லாமும் வேண்டியதில்லை. முழுப் பக்கம் ஒரு மொழியில், மற்றவற்றில் என்ன கிடைக்கும், எங்கே, என்ன நம்பர் என்ற அளவு போதும். கூகுள் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டாமல், பக்கத்துக் கடைச் சேட்டனிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் மாற்றுங்கள்.

படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள், ஒவ்வொன்றும் 200 கேபிக்குள். லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறும் ரோட்டில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெப்சைட் தயாரானதும் ஆபீஸ் வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாமல், அந்த வளைவு ஒன்றில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி போனில் திறந்து பாருங்கள். பக்கம் திறப்பதற்குள் நீங்கள் சலித்துப்போனால் வாடிக்கையாளரும் சலித்துப்போவார்.

படி 8: யார் செய்வது?

கம்ப்யூட்டரில் கொஞ்சம் கை பழகியவர் வீட்டில் இருந்தால் கூகுள் சைட்ஸ் அல்லது பிளாகரில் இலவசமாகச் செய்து உங்கள் டொமைனை இணைத்துவிடலாம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், வேலை செய்யும். பிறகு பெரிதாக்க நினைத்தால் வேர்ட்பிரஸ்.

ஆளிடம் கொடுத்தால் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: டொமைன் என் பெயரில், ஹோஸ்டிங் பாஸ்வேர்ட் என்னிடம், விலை மாற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இரண்டாம் வருஷம் மொத்தச் செலவு இவ்வளவு. அவர் முன்பு செய்து கொடுத்த கடைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, ‘ஏதாவது மாத்தணும்னா ஆள் போன் எடுக்கிறாரா?’ என்று கேளுங்கள். ‘கூகுள்ல முதல் இடம் கேரண்டி’ என்பவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு கேரண்டியை யாராலும் தர முடியாது.

படி 9: வெப்சைட்டிலேயே பணம் வாங்கப் போகிறீர்களா?

அவசரப்படாதீர்கள். ஆரம்பத்தில் ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் யுபிஐ-யில். யுபிஐ-யில் கடைக்காரருக்குப் பிடித்தம் இல்லை. பேமெண்ட் கேட்வே (தளத்திலேயே பணம் வாங்கித் தரும் சேவை) வைத்தால் ஒவ்வொரு ஆர்டரிலும் சுமார் இரண்டு சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. தினமும் ஆர்டர் வந்து, ஒவ்வொருவருக்கும் பதில் டைப் செய்யவே நேரம் போகிறது என்ற நிலை வரட்டும், பிறகு கேட்வே போடலாம். விண்ணப்பிக்கும்போது தொடர்பு முகவரி, பணம் திருப்பித் தரும் விதிமுறை, டெலிவரி விதிமுறை, தனியுரிமை விதிமுறை எல்லாம் தளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மிலிட்டரி ஆபீசர் பேசுறேன், பத்து ரூம் வேணும், அட்வான்ஸ் அனுப்ப இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்று போன் வரும். பணம் வாங்குவதற்கு நீங்கள் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் உங்கள் கணக்கில் இருந்துதான் போகும்.

இனி ஜிஎஸ்டி. எல்லை ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு வேண்டும் என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். மாநிலத்துக்குள் விற்கும்வரை அது சரி. வரி உள்ள சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பி விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்குத்தான் விலக்கு. கூடலூர் கடைக்காரர் கன்னியாகுமரிக்குப் பார்சல் அனுப்பினால் உள்மாநிலம். லோயர்கேம்ப்புக்கு மேலே ஆறேழு கிலோமீட்டரில் இருக்கும் குமுளிக்கு அனுப்பினால் வெளிமாநிலம். குமுளிக் கடைக்காரருக்கு இன்னும் மோசம், அவருடைய பழைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். கல்லாவில் காசு கொடுத்துக் கையோடு வாங்கிப் போகும்வரை சிக்கல் இல்லை. அதே ஆள் ஊருக்குப் போய் வாட்ஸ்அப்பில் கேட்டு நீங்கள் கூரியர் போட்டால் விதி மாறுகிறது. ரூம், டூர் போன்ற சேவைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அங்கே 20 லட்சம் வரை விலக்கு உண்டு. வெப்சைட்டில் ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்று எழுதும் முன் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாப்பிடும் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண் வேண்டும், லேபிளிலும் தளத்திலும். பாக்கெட் சரக்கில் எடை, எம்ஆர்பி, பேக் செய்த மாதம், உங்கள் முகவரி, புகார் சொல்ல நம்பர். கடையில் தளர்வாக நிறுத்துக் கொடுக்கும் பழக்கத்திலேயே பார்சலும் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

படி 10: போட்ட பிறகு

மாசம் ஒரு நாள், அரை மணி நேரம். வேறொருவர் போனில் உங்கள் தளத்தைத் திறந்து போன் பட்டன், வாட்ஸ்அப் பட்டன், மேப் மூன்றையும் தட்டிப் பாருங்கள். விலையும் தேதியும் மாற்றுங்கள். டொமைன் புதுப்பிக்கும் தேதியைக் கடைக் காலண்டரில் எழுதி வையுங்கள். நினைவூட்டும் ஈமெயிலை நம்ப வேண்டாம். அதே மாதிரி போலி ஈமெயிலும் வரும், அதில் இருக்கும் லிங்கைத் தட்டாமல் நேராக டொமைன் வாங்கிய தளத்துக்குள் போய்க் கட்டுங்கள்.

படி 1-ல் போட்ட நோட்டை ஆறு மாசம் கழித்து மறுபடி ஒரு வாரம் போடுங்கள். ‘வெப்சைட் பார்த்தேன்’, ‘டப்பாவுல இருந்ததை ஸ்கேன் பண்ணேன்’ என்று ஒன்றிரண்டாவது விழ வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, டொமைனை வாட்ஸ்அப்புக்குத் திருப்பி விடுங்கள்.

ஆரம்பிக்கும் நேரமும் முக்கியம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை வண்டிகள் வரத் தொடங்கிவிடும், அதன் பின் கிறிஸ்துமஸ், பொங்கல் லீவு. அந்த நேரத்தில் கடைக்காரருக்கு மூச்சுவிட முடியாது, எனக்கும்தான். புதிய தளம் கூகுளில் தலைகாட்டவே சில வாரம் எடுக்கும். ஆடியில் மழை அடித்து டூரிஸ்ட் குறையும்போது படம் எடுத்து எழுதி வைத்து, ஆவணிக்குள் தளத்தை ஏற்றிவிட்டால் சீசனுக்குச் சரியாக இருக்கும். புரட்டாசி முடிந்த பிறகு வருகிறவர்களிடம், மேப்பைச் சரி செய்துவிட்டுத் தை முடிந்ததும் வரச் சொல்கிறேன்.